மதினி செதுக்கிய அம்மா

முதல் வகுப்புக்கு வரும்போது, முதுகு வழவழப்பாக இருக்கிற கரண்டி ஒன்று கொண்டுவாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். காலேஜில் ஓவியம் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகள் டீ ஸ்பூன் கொண்டுவந்தார்கள். ஒருத்தி ஐஸ்கிரீமோடு கொடுக்கிற பிளாஸ்டிக் கரண்டியை நீட்டினாள். என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, கட்டைப்பைக்குள்ளிருந்து உருவி எடுத்தது விசேஷ வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிற குழிக்கரண்டி. காம்பு மட்டும் முழங்கை நீளம் இருக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதினி அசரவில்லை. "சிரிங்க, சிரிங்க. நீங்க சொரண்டி முடிக்கிறதுக்குள்ள நான் ஊருக்கே தேச்சு முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். அப்படியேதான் ஆனது. எங்கள் மாடியில் அச்சு எடுக்கிற இயந்திரம் கிடையாது. மை தடவிய தகட்டின் மேல் தாளை விரித்து, அதன் முதுகைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். மதினியின் கரண்டி உள்ளங்கை மாதிரித் தாளின் மேல் உட்கார்ந்து வழுக்கிப் போனது. மறு வாரம் பாதிப் பேர் அவரவர் வீட்டுச் சமையலறையிலிருந்து குழிக்கரண்டியைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அச்சு ஓவியத்தை நான் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. தையல்காரியான நான், தைக்கிற துணியில் பூப்போட வழி தேடி, போனில் வீடியோ பார்த்து, உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி மையில் தொட்டு வைத்ததில் ஆரம்பித்தது. அப்புறம் வெண்டைக்காய், அப்புறம் பழைய செருப்பின் அடிப்பாகம். "குழம்புல காயைக் காணோம், எல்லாம் உன் தாள்லதான் இருக்கு" என்று அண்ணன் அலுத்துக்கொள்வான். பார்ப்பவரையெல்லாம் நிறுத்திக் கேட்டு, கெடுத்து, திருத்தி, ஒருவழியாகக் கை வந்தபோது, ஆனையூரில் எங்கள் வீட்டு மாடியிலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். வரைய மட்டும் தெரிந்த, அச்சு என்றால் கல்யாணப் பத்திரிகை என்று மட்டும் நினைத்திருந்த புதியவர்களுக்கான வகுப்பு. செதுக்குவதற்கு ரப்பர் தகடு வேண்டுமே? மதினி கப்பலூரில் ரப்பர் மேட் செய்கிற சின்ன ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தார். ஓரம் கோணிப்போன தகடுகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு தொடங்கவிருந்த சமயத்தில் ஒருநாள், "நான் சொமந்துட்டு வர்ற ரப்பரை நீ என்னதான் பண்றேன்னு பாக்க வாரேன்" என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்தான். அப்புறம் எந்த ஞாயிறும் தவறவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான். தகட்டில் பென்சிலால் வரைய வேண்டும். தாளில் மை படக்கூடாத இடத்தையெல்லாம் சின்ன உளியால் சீவி எடுக்க வேண்டும். மேடாக மிஞ்சி நிற்கிற இடத்தில் உருளையால் மை ஏற்ற வேண்டும். இவ்வளவையும் நான் கையை ஆட்டி, கரும்பலகையில் வரைந்து, மூச்சு வாங்க விளக்கி முடித்தபோது மதினி கேட்டார்: "வெட்டுனது வெள்ளை, விட்டது கருப்பு. அம்புட்டுத்தான? இதுக்கா இம்புட்டு நேரம்?" அன்றிலிருந்து நான் விளக்குவதை விட்டுவிட்டு அந்த ஒரு வரியையே சொல்லிவருகிறேன். மதினியின் வாயிலிருந்து இப்படி விழுந்துகொண்டே இருக்கும். மையை அள்ளி அப்பிய பையனிடம், "தம்பி, இது சாம்பார் ஊத்துற வேலையில்ல. தோசைக்கல்லுல எண்ணெய் மாதிரி. இருக்கணும், ஆனா தெரியக்கூடாது" என்பார். உளிக்கு முன்னால் விரலை வைத்திருந்த பெண்ணிடம், "உளி வர்ற பாதையில உன் இன்னொரு கை எதுக்குத்தா வேடிக்கை பாக்குது?" என்பார். அந்தப் பெண் படக்கென்று கையை எடுத்தாள். நான் அதையே மூன்று வாரமாகப் பாதுகாப்பு விதி என்ற பெயரில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறன்று, எல்லாரும் போனபிறகு மதினி உருளையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாவச் செதுக்கணும். ஆடி அமாவாசைக்குள்ள முடியுமா?"

மதினியின் அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. திருமங்கலத்துக்கு மேற்கே, அடுத்தவர் வயல்களில் களையெடுத்தும் நாற்று நட்டும் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். கால் சென்ட் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கக் கூப்பிட்டபோது, "பந்தி நடக்குது, இப்பப் போயி" என்று உள்ளே போய்விட்டாராம். ஓட்டு அட்டைக்குப் படம் பிடிக்க ஊருக்கு ஆள் வந்த அன்றைக்கு எங்கோ தூரத்து வயலில் நடவில் இருந்தாராம். மதினி பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர் மதினியின் அண்ணன். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவர் வீட்டில் படையல் போடுவார்கள். மற்ற வீடுகளில் மாலை போட்ட போட்டோ இருக்கிற இடத்தில், அங்கே பலகை மேல் மடித்த புதுச்சேலை ஒன்று இருக்கும். அந்தச் சேலையைத்தான் எல்லாரும் கும்பிடுவார்கள்.

படம் கொண்டுவருகிறேன் என்று மதினி போனில் சொன்னபோது அத்தான் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "கொண்டா, பாக்குறேன். அம்மா மாதிரி இருந்தா வைப்போம். இல்லேன்னா பேசாம மடிச்சு உள்ள வச்சிரு. இத்தனை வருசம் மொகம் தெரியாம இருந்தவள இப்பப் போயி நாலு பேரு பாத்துச் சிரிக்கிற மாதிரி ஆக்கிறக் கூடாது." மதினி போனை வைத்தார். "அண்ணன் சொல்றதும் சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

முகம் வரவில்லை. வரைய வந்து மூன்றே மாதம் ஆனவருக்கு, அதுவும் ஞாபகத்திலிருந்து, எப்படி வரும்? "கண்ண வச்சா கோயில் சாமி மாதிரி முழிக்கிறா. மூக்க வச்சா எங்க சித்தப்பா வந்து நிக்கிறாரு" என்று ஒவ்வொரு தாளாகக் கசக்கிப் போட்டார். எனக்கும் யோசனை ஓடவில்லை. முகம் வரைவது எனக்கே சரியாக வராது. ஒரு வாரம் கழித்து ஃபேக்டரியிலிருந்து வந்த கையோடு, சேலைகூட மாற்றாமல் மாடிக்கு ஏறி வந்தார். "உள்ளதச் சொன்னா எனக்கு அவ மொகம் சரியா ஞாபகமில்ல. ஆனா அவ குனியிறது நல்லா ஞாபகமிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார். ஒரே மூச்சில் வந்தது படம். வயல் வரப்பில் ஒரு பெண் இடுப்பிலிருந்து லேசாகக் குனிந்து நிற்கிறாள். நீராகாரம் இருக்கிற தூக்குவாளியை இடது கையால் வயிற்றோடு அணைத்திருக்கிறாள். வலது கை செம்பை யாருக்கோ நீட்டுகிறது. முகத்தைச் சேலைத் தலைப்பு மறைத்துவிட்டது. மத்தியானத்தில் களையெடுப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஊற்றிவிட்டு, வாளியில் மிச்சமிருந்தால் கடைசியாகத் தான் குடிப்பாராம். வாளியின் வளையத்தையும் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிய சேலைக் கொசுவத்தையும் பார்த்தபோது, அந்த அம்மாவை நேரில் கண்டிராத எனக்கே யாரோ தெரிந்தவர் நிற்கிற மாதிரி இருந்தது.

செதுக்கும் வேலை அமாவாசைக்கு முந்தின ஞாயிறு வரை போனது. அன்று அவரை ஊருக்குக் கூட்டிப்போக அத்தான் வந்திருந்தார். மொபெட்டின் முன்பக்கம், வரும் வழியில் மாட்டுக்கு வாங்கிய தவிட்டு மூட்டை. மாடியேறி வந்தவர், பிள்ளைகளைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். மதினி மை ஏற்றினார். மை பரப்பிய கண்ணாடி மேல் உருளை ஓடுகிற சத்தம், சேற்றில் நடக்கிற மாதிரி இருந்தது மாறி, சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்' என்று வந்ததும் நிறுத்தினார். மை சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரிய தாள் ஒன்றின் பாதியில் மட்டும் படம் விழுகிற மாதிரித் தகட்டின் மேல் விரித்தார். மறுபாதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பது எண்ணம். கரண்டியால் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். கன்னங்கரேலென்று, தெளிவாக, குனிந்தபடி அம்மா வந்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதன்முதலாக ஒரு முழு உருவத்தைச் செதுக்கியவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அத்தான் பக்கத்தில் வந்தார். நெடுநேரம் பார்த்தார். "அம்மாதான்" என்றார். அப்புறம் குரல் மாறியது. "ஆனா என்னத்தா இது, இடது கையால குடுக்குறா?"

அச்சில் எல்லாம் இடம்வலமாகத் திரும்பும் என்பது புதியவர்களுக்கு நான் சொல்கிற இரண்டாவது பாடம். எல்லாரையும் அவரவர் பெயரைச் செதுக்கச் சொல்லி, அது இடம்வலமாய்த் திரும்பி வருவதைக் காட்டித்தான் அதைப் புரியவைப்பேன். மதினியும் தன் பெயரைச் செதுக்கிச் சிரித்தவர்தான். "எழுத்தத்தான திருப்பணும்னு நெனச்சேன்? என் படத்துல எழுத்தே இல்லையே" என்றார் இப்போது, மெல்லிய குரலில். மரமோ வீடோ மாடோ திரும்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கை திரும்பினால், அதுவும் கொடுக்கிற கை திரும்பினால், எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தெருவில் விளையாடுகிற குழந்தை இடது கையால் மிட்டாயை நீட்டினால்கூட, அந்தக் கையைத் தட்டிவிட்டு மறுகையில் கொடுக்கவைத்துத்தான் வாங்குவார்கள். "எங்கம்மா ஒருநாளும் ஒருத்தருக்கும் இடது கையால ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல" என்றார் அத்தான். கோபம் என்று சொல்ல முடியாது. அடிபட்ட மாதிரி இருந்தது. "இது இங்க இருக்க வேணாம். குடு, நான் எடுத்துட்டுப் போறேன்."

"அத்தான், மை காயல! காய ரெண்டு நாளாகும்" என்று நான் கத்துவதற்குள், பத்திரிகை மடிக்கிற மாதிரி, படம் உள்பக்கம் இருக்கத் தாளைப் பாதியாக மடித்துவிட்டார். கிழிக்க மனம் வரவில்லை, அம்மா அல்லவா. பிறர் கண்ணில் படவும் விட மனம் வரவில்லை. பிளாஸ்டிக் கவர் ஒன்றில் போட்டு, மொபெட்டின் கால்வைக்கிற இடத்தில் தட்டையாக வைத்து, அது பறந்துவிடாமல் தவிட்டு மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார். மதினி பின்னால் ஏறிக்கொண்டார். ஆனையூரிலிருந்து ஊர் போய்ச் சேர்ந்த கதையை மதினி பிறகு சொன்னார். "பள்ளத்துல ஏறி எறங்கும்போதெல்லாம் மூட்டை சொத்து சொத்துன்னு குதிச்சுச்சு. எங்கம்மா மேலதான விழுகுதுன்னு இருந்துச்சு எனக்கு."

அமாவாசை அன்று காலை நானும் அண்ணனும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, பலகை மேல் வழக்கம்போல் புதுச்சேலை இருந்தது. மதினியின் தங்கை வடை சுட்டுக்கொண்டிருந்தார். தம்பி இலை அறுக்கப் போயிருந்தார். மதினி டிரங்குப் பெட்டி மேலிருந்த கவரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒட்டிப்போயிருக்கும். பாத்துட்டுத் தூக்கிப் போட்டுறலாம், நீ பக்கத்துல இரு" என்றார். மடிப்பை மெல்லப் பிரித்தார். பிசின் பிரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தாளின் ஒரு பாதியில் ஞாயிறன்று எடுத்த அம்மா, கறுப்பாக, இடது கையால் செம்பை நீட்டிக்கொண்டு. வெற்றாக இருந்த மறுபாதியில் இன்னொரு அம்மா. ஈர மை அங்கே ஒற்றிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், மூடுபனிக்குள் நிற்கிற மாதிரி. திரும்பினது மறுபடியும் திரும்பிவிட்டதால் அவர் கொடுப்பது வலது கையால். வேண்டுமென்றே இப்படி ஒற்றியெடுக்கிற அச்சுக்காரர்கள் உண்டு என்று எங்கோ கேட்டிருக்கிறேன். தவிட்டு மூட்டையை வைத்து ஒற்றியெடுத்தவர் என் அத்தான் ஒருவராகத்தான் இருப்பார்.

"அண்ணே, இங்க வா" என்று மதினி கூப்பிட்ட குரலில் அடுப்படியில் இருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். அத்தான் தோளில் துண்டோடு வந்து, குந்தி உட்கார்ந்து பார்த்தார். முதலில் வலது கையைத்தான் தேடினார், கண் போன இடம் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு நாங்கள் யாருமே கவனித்திராத ஒன்றைக் கண்டார். தாளில் இருந்த இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்து நின்றார்கள். நடுவில் இருந்த மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு செம்பு, அந்தப் பக்கம் ஒரு செம்பு.

"ஊருக்கெல்லாம் ஊத்துனா" என்றார். "அவளுக்கு ஒருத்தரு ஊத்தி நான் பாத்ததே இல்ல. இப்ப அவளே அவளுக்குக் குடுத்துக்கிறா, பாரு."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எழுந்துபோய்ப் பலகையில் இருந்த சேலையைச் சற்றே தள்ளிவைத்து, தாளை விரித்து அதில் சாய்த்து நிறுத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? எலையப் போடுங்க, அம்மா காத்துக்கிட்டு இருக்கா" என்று அதட்டினார். மதினி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். மதினியின் அந்த முகத்தை என்னால் செதுக்க முடிந்தால் அன்றைக்கே நானும் கலைஞர் என்று சொல்லிக்கொள்வேன்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே சண்டை வந்துவிட்டது. தங்கைக்கு அந்தப் படம் வேண்டும். தம்பிக்கும் வேண்டும். "மூத்தவன் வீட்டுலதான் இருக்கணும்" என்றார் அத்தான். "அதெல்லாம் அந்தக் காலம் மாமா" என்று அடுக்களையிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. அப்போதுதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. தகடு பத்திரமாக இருக்கிறது, இதே மாதிரி இன்னும் எடுக்கலாம், இது அசல் அது நகல் என்று கிடையாது, ஒவ்வொன்றும் அசல்தான் என்றேன். அச்சு ஓவியத்தின் சிறப்பே இதுதான் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே சரியாகப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு அத்தான் எங்கள் மாடிப்படியில் தவிட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறி வந்தார். "அத்தான், அது வேணாம், கரண்டியே போதும்" என்றேன். "ஏத்தா டீச்சரு, போன தடவ நல்லா வந்துச்சா இல்லையா? மூட்டைய மாத்தாத" என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதினி ஒவ்வொரு தாளாக எடுத்தார், ஈரம் காய்வதற்குள் மடித்தார், அத்தான் மூட்டையைத் தூக்கி வைத்தார், அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். கூடப்பிறந்தவர்கள் எல்லாருக்கும் எடுத்து முடித்தபின், தரையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்தபடி அத்தான் சொன்னார்: "ஊருல அண்ணன் தம்பிக பங்கு பிரிக்கையில நாங்க வேடிக்கை பாத்துட்டு இருப்போம். பிரிக்க எங்ககிட்ட என்ன இருந்துச்சு? இன்னைக்கு அம்மாவப் பங்கு பிரிச்சிட்டோம். ஆளுக்கு முழுசா."

வேண்டிய பிரதிகளை எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்துவிடுவது அச்சுக்காரர் வழக்கம். அதற்குமேல் யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒழுங்கையும் மதினிக்குச் சொல்லித்தர நினைத்து வாயைத் திறந்தேன். "எங்கம்மா மேல கோடு போடச் சொல்றியா?" என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பாடத்தை நான் அதன்பிறகு நடத்தவே இல்லை.

இப்போது ஞாயிறுகளில் செதுக்கு அச்சு வகுப்பை மதினிதான் எடுக்கிறார். நான் மை குழைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் அவரை மேம் என்கிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, அக்கா என்றால்தான் பார்க்கிறார். மடித்து ஒற்றியெடுப்பது எங்கள் மாடியில் இப்போது தனிப் பாடம். அதற்கென்றே வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

போன மாதம் மதினியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் முடிந்து, அந்தப் பிள்ளை ஓசூரில் குடித்தனம் வைத்திருக்கிறது. புது வீட்டுக்கு என்ன சீர் வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மாச்சி படம் வேண்டும் என்று சொன்னதாம். மதினி தகட்டை எடுத்துத் துடைத்தார். அத்தானுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அவரே மூட்டையோடு வந்துவிட்டார், முன்பைவிட மூச்சு வாங்குகிறது. மதினி உரித்தெடுத்த தாளில் மை பளபளத்தது. "திருமங்கலம் சந்தையத் தாண்டுனதில்ல இவ" என்றார் மதினி, பெருமை பொங்க. "ஓசூருக்குப் போறா, பாத்துக்க."

அத்தான் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். அவசரமே இல்லாமல், ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்தார்.

"பாத்துப் போயிட்டு வாம்மா" என்றார்.